டாக்டரிடம் விலை கேட்டவள்

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பணத்தின் மீது இருந்த ஆசை திடீரென்று விட்டுப்போனது. பால் பாக்கெட் விலை எட்டணா ஏறினால் மூன்று நாள் புலம்புகிற என் கணவர், "காசப் பத்தி நீ வாயே தெறக்கக் கூடாது" என்றார். பார்க்க வந்த உறவினர்கள் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, எவ்வளவு செலவானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். சொன்னபடியே பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள், கட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தார்கள், கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

இது 2007இல். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பிள்ளைகளுக்கு லாப நட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் நட்டத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிற உத்தியோகம். கணவருக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன எலெக்ட்ரிகல் கடை. ஒரே மகள், பத்தாம் வகுப்பு.

என் அண்ணன் சிதம்பரத்தில் கான்ட்ராக்டர். ஊரில் எல்லோரையும் அவருக்குத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆகவே மார்பில் கட்டி என்று தெரிந்ததும் என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போய், தனக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், பிறகு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள்.

அண்ணன் வீட்டு ஹாலில் இதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். அண்ணன், என் கணவர், அண்ணி, அண்ணியின் தம்பி எல்லோரும் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை. உடம்பு என்னுடையது என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பக்கத்து அறையில் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள். கதவு பலகைக் கதவுதான், எல்லாம் கேட்டது. செலவு எவ்வளவு என்பதை எனக்குச் சொல்லவே கூடாது, சொன்னால் கவலையில் நோய் கூடிவிடும் என்று முடிவானது. கணக்கு டீச்சரிடமிருந்து கணக்கை மறைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டு எல்லோரும் காபி குடித்தார்கள்.

கணவர் அந்தத் தீர்மானத்தை விசுவாசமாக நிறைவேற்றினார். மருந்துக் கடை பில்லைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக் கடைக்குக் கொண்டுபோய்விடுவார். இரண்டாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்தபோது வாசலில் அவருடைய டிவிஎஸ் இல்லை. கேட்டதற்கு சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். மூன்று வாரமாக ஒரு வண்டியை சர்வீஸ் செய்கிற மெக்கானிக்கின் பொறுமையை நான் மனதுக்குள் பாராட்டினேன். அப்புறம் மகளின் டியூஷன் நின்றது. அந்த மாஸ்டருக்குப் பாடம் நடத்தவே தெரியவில்லையாம். அரையாண்டுப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு இதைக் கண்டுபிடித்திருந்தார்கள். மகளைக் கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா, அவருக்குத் தெரியல" என்றாள். பதினைந்து வயதுப் பெண்ணையும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று புரிந்தது.

எனக்குத் தலைமுடி போனபோதுகூட அவ்வளவு அழவில்லை. அன்றைக்கு அழுதேன்.

மூன்றாவது தடவை முடிந்த வாரம் ஒரு மத்தியானம் கணவர் ஒரு பத்திரத்தை நீட்டினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்து, "இதுல ஒரு கையெழுத்துப் போடு, ரேஷன் கார்டு விஷயம்" என்றார். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் யாரும் ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொடுப்பதில்லை. முதல் பக்கத்தைத் திருப்பினேன். காடாம்புலியூரில் அப்பா என் பெயருக்கு எழுதி வைத்த முந்திரித் தோப்பு ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் பணம் வரும், மகளுக்கு என்று வைத்திருந்தேன். அதை விற்பதற்கான ஒப்பந்தம் அது. என்னைக் காப்பாற்ற என் நிலத்தை எனக்கே தெரியாமல் விற்கிறார்கள். அதிலும் தப்பில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வாங்குகிறவர் யார் என்று பார்த்தேன். என் அண்ணன். விலை, அக்கம்பக்கத்தில் போகிற விலையில் பாதி.

"மச்சான் ஒதவி செய்றாரு. ஒடனே பணம் வேற யாரு குடுப்பா?" என்றார் கணவர். அவர் கண்ணில் குற்ற உணர்வும் களைப்பும் இருந்தன. அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை, மூழ்குகிற ஆள். அண்ணன் நீட்டியது கையா கல்லா என்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. எல்லா பில்லையும் கொண்டுவந்து தரச் சொன்னேன். சாயங்காலம் ஒரு பல்பு அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்தார். கூட்டிப் பார்த்தேன். கூட்டி வந்த தொகையை விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று அவருக்கும் தெரியாததுதான். அவ்வப்போது கவுன்டரில் சொன்னதைக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். வீட்டுக்கு ஒரு மிக்சி வாங்க நான்கு கடை ஏறி இறங்கியவர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிதம்பரம் போனோம். டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, "பரவால்லம்மா, நல்லா இருக்கீங்க" என்றார். பில்களையெல்லாம் வரிவரியாக எழுதி வைத்திருந்த நோட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.

"டாக்டர், இந்த வைத்தியம் முடியறதுக்குள்ள இன்னும் மொத்தமா எவ்ளோ ஆவும்?"

அந்த அறையில் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டது போல் இருந்தது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். கணவர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதெல்லாம் வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

"அவர்கிட்ட யாரும் பேசல டாக்டர். எனக்கு ஒரு தோப்பு இருக்குது. அத வித்தா வைத்தியம் முடியுமா, இல்ல பாதியில நின்னு போவுமான்னு தெரியணும். பாதியில நிக்கிறதுக்கு நான் தோப்ப விக்க மாட்டேன்."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என் நோட்டை வாங்கினார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பெரிய தொகை இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதே மருந்து நம்ம நாட்டுக் கம்பெனியும் பண்றாங்கம்மா. வெல மூணுல ஒரு பங்குதான்."

"வேல செய்யுமா?"

"செய்யும். நெறைய பேருக்கு அதான் குடுக்கிறேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் இது?"

"ஒங்க அண்ணன்தாம்மா சொன்னாரு. காசு பெரிசில்ல, இருக்கறதுலயே ஒசத்தியா எழுதுங்கன்னு."

நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணனின் பெருந்தன்மைக்கு எல்லையே இல்லை. மருந்தில் உசத்தியானதைக் கேட்டிருக்கிறார், நிலத்தை மட்டும்தான் மலிவாகக் கேட்டார்.

அன்றைக்கு டாக்டர் எங்களுக்காகக் கால் மணி நேரம் செலவழித்தார். ஒவ்வொரு தடவையும் போடுகிற ஒரு விலை உயர்ந்த ஊசி, என் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரியாக இருந்தால் தேவைப்படாது, பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். கதிர்வீச்சைப் புதுச்சேரியில் அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம், செலவு மிகக் குறைவு, காத்திருக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"யாரும் கேக்கறதில்லம்மா. நானா சொன்னா, வசதியில்லன்னு நெனச்சிட்டாருன்னு கோச்சிக்கிறாங்க."

ஆக, அவர் எங்கள் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காகப் பேசாமல் இருந்தார். நாங்கள் அவர் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காகப் பேசாமல் இருந்தோம். இரண்டு கௌரவத்துக்கும் சேர்த்து டிவிஎஸ் போயிருந்தது.

தோப்பில் பாதியை விற்றேன். வாங்கியவர் என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா, அவன் அத்தா என்பான், லால்பேட்டைக்காரர், துபாயில் பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். டீச்சரிடம் பேரம் பேசினால் பையன் பள்ளியில் முகம் காட்ட முடியாது என்று சொல்லி, ஊரில் போகிற விலையையே கொடுத்தார். மீதிப் பாதி என் பெயரிலேயே இருந்தது.

அண்ணனுக்கு வருத்தம். தனக்குத் தோப்பு மேல் ஆசையா என்ன, உதவலாம் என்றுதான் நினைத்ததாகக் கணவரிடம் போனில் சொன்னார். இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் வராததால் மிச்சமான ஹார்லிக்ஸ் செலவை அவருக்குக் கிடைத்த லாபமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்றைக்கும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதவரும் அவர்தான். அழுகை உண்மை, பத்திரத்தில் இருந்த விலையும் உண்மை.

மருந்து முடிந்ததும் ஐந்து வாரம் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். கதிர்வீச்சுக்கு நீண்ட வரிசை. குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு அம்மா வருவார், நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்போம். அந்த அம்மாவுக்கும் வீட்டில் செலவைச் சொல்லவில்லை. கழுத்தில் சங்கிலி இல்லாததைக் கேட்டபோது, பாலிஷ் போடக் கொடுத்திருப்பதாக மகன் சொன்னான் என்றார். நான் எங்கள் வண்டியின் சர்வீஸ் கதையைச் சொன்னேன். அந்த அம்மா முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மகன் எங்கே என்று தேடினார்.

கடையைச் சாத்திவிட்டு கணவர் கூட வருகிற நாட்களில் பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுப்பார். ஒரு நாள் ரெட்டிச்சாவடி தாண்டியதும், எதற்காக மறைத்தீர்கள் என்று அவரிடம் நேராகவே கேட்டேன்.

"தொக தெரிஞ்சா நீ வைத்தியமே வேணாம்னு சொல்லிடுவ. அதான் பயந்தேன்."

அவர் நினைத்தது சரி. முதல் நாளே அந்தத் தொகையைச் சொல்லியிருந்தால், அதை மகளின் படிப்புக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, வலி இல்லையே என்று நடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருப்பேன். அத்தனை பேரையும் கிண்டல் செய்கிற நான் அதைத்தான் செய்திருப்பேன். அவரிடம் அதை ஒப்புக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்கும் வரை விடவில்லை.

2012இல் டாக்டர் இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். மகள் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். மீதித் தோப்பின் வருமானம் அவளுக்கு ஹாஸ்டல் கட்டணமாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அறையை விட்டு வெளியே வந்தபோது, வரிசையில் அடுத்ததாக இருந்த பெண் என்னிடம் டாக்டர் எப்படி என்று விசாரித்தாள். நல்ல டாக்டர், ஆனால் நீதான் கேட்க வேண்டும் என்றேன். அவள் பக்கத்தில் நின்ற கணவன் என்னை முறைத்தான். அவள் எழுந்து, மருந்துச்சீட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.