ஈயக் கதவுக்குள் என்னோடு இருந்தவர்

சபையாரே, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் இதை இன்னொருவர் கையில் கொடுக்க மனமில்லை. நானே எழுதுகிறேன்.

கழக ஆட்சி வந்த புதிது. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் கூலி கூட்டிக் கேட்டு, நடவாட்கள் வயலில் இறங்காமல் நின்றோம். பண்ணைக்கும் எங்களுக்கும் பேச்சில்லை. அந்தக் குறுவையில்தான் எனக்கு ரத்தப்போக்கு நிற்காமல் போனது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், கர்ப்பப்பையில் புற்று என்றார்கள். கரண்டு வைத்தால், அதாவது மெஷினில் கதிர் பாய்ச்சினால், பிழைக்கலாம் என்றார்கள்.

என் மகள் எஸ்தர் அங்கேதான் எக்ஸ்ரே வேலைக்குப் படித்தாள். கதிர்வீச்சிலிருந்து ஆட்களைக் காக்கும் பாடத்தில் அவளுக்குப் பரீட்சை வர இருந்தது.

முதல் நாள் என்னை மேசையில் படுக்க வைத்தார்கள். பிறகு எல்லாரும் வெளியே போனார்கள். ஈயம் பதித்த கனத்த கதவு மூடியது. "அசையாதீங்கம்மா" என்று குரல் மட்டும் வந்தது.

நெஞ்சு கொதித்தது. பண்ணை வீட்டுக் கொல்லையில் எட்ட நின்று எங்கள் கையில் தண்ணீர் ஊற்றுவார்களே, அந்தத் தூரம்தான் இது என்று நினைத்தேன். மெஷினை ஓட்டுவதற்குள் எழுந்து கதவைத் தட்டினேன்.

"எட்டி நின்னு பாக்குற வைத்தியம் எனக்கு வேணாம். ஊருக்குப் போறேன்."

எஸ்தர் அழுதாள். "அம்மா, இது தீட்டு இல்லம்மா. அந்தக் கதிரு ஒன் நோயைக் கொல்லும். நோயில்லாதவங்க தெனமும் அதுல நின்னா அவங்களுக்கு நோய் வரும். கிட்ட நிக்கிற நேரம் கொறையணும், தூரம் கூடணும், நடுவுல சுவர் வேணும். எங்க பாடமே இதாம்மா."

"பண்ணையிலயும் காரணம் சொல்லித்தாண்டி எட்டி வெச்சாங்க."

சாயங்காலம் வேப்பமரத்தடியில் நின்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "இது தீட்டா இல்லையான்னு என் கண்ணுக்குக் காட்டும். காட்டாட்டி ஊருக்குப் போய்ச் செத்துப்போறேன்."

மறுநாள் காலை மூட்டையோடு கிளம்பினேன். வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் எங்கள் பண்ணையார் மனைவி. அவருக்கும் இதே நோய் என்றாள் எஸ்தர். மூட்டையோடு பின்னாலேயே உள்ளே போனேன். அதே மேசையில் அவரையும் படுக்க வைத்தார்கள்.

"நான் அம்மாகூட நிக்கிறேன்" என்றார் அவர் மகன்.

"கலெக்டரா இருந்தாலும் வெளியதான் சார், வாங்க" என்றார் மெஷின்காரர்.

அதே கதவு மூடியது. எஸ்தர் என்னைச் சுவரில் பதித்திருந்த கனத்த கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னாள். அவ்வளவு பெரிய மனுஷி அங்கே ஒற்றையில் கிடந்தார். மூட்டையைக் கீழே வைத்தேன்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். "நீயாடி? உள்ள ஒத்தையில கெடந்து நடுங்கிப் போயிட்டேன்டி."

"நகந்து உக்காருங்கம்மா" என்று அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். "அடுத்து நாந்தான் படுக்கணும். அந்த மெஷினுக்கு ஆண்டையும் தெரியாது, ஆளும் தெரியாது." அவர் சிரித்துவிட்டார்.

அன்று கதவு மூடியபோது எனக்குக் கோபம் வரவில்லை. நிறமில்லை, மணமில்லை, சுடவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று என் உடம்புக்குள் புகுந்து வேலை செய்தது. மனுஷர் யாரும் நிற்கக் கூடாத அந்த அறையில், அதைப் படைத்தவர் மட்டும் என் தலைமாட்டில் நின்றார். அவருக்கு நேரக் கணக்கு ஏது? தூரம் ஏது? சுவர் ஏது?

ரத்தம் நின்றது. எஸ்தர் பாஸானாள். இன்றுவரை இருக்கிறேன், அவருக்கே நன்றி.

உங்களுக்கு நல்ல ஜெபம் வராவிட்டால் பரவாயில்லை. சண்டை போட்டாவது கேளுங்கள். எனக்குப் பதில் சொன்னவர் உங்களுக்கும் சொல்வார்.