நார்பர்ட்டின் பியர்

நார்பர்ட் லார்டின்வாவின் பியரைப் பற்றிப் பேசாமல் அந்தப் பக்கத்தில் எந்த விசேஷமும் முடிந்ததில்லை. கல்யாணமானாலும் சரி, அறுவடைக்குப் பிறகு வரும் கெர்மிஸ் திருவிழாவானாலும் சரி, பெரிய அண்டாவில் கோழியும் காய்கறியும் போட்டு பூயா கொதிக்கத் தொடங்கியதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நார்பர்ட் எங்கப்பா? பெட்டியோட வந்துட்டானா?"

நார்பர்ட் வருவான். தோளில் பெட்டி இருக்கும், முகத்தில் மாப்பிள்ளைக் களை இருக்கும். ஸ்டர்ஜன் பே கப்பல் பட்டறையில் அவன் வெல்டர். ஆள் வாட்டசாட்டம், வாயும் அதற்குக் குறையாது. பாட்டிலைத் திறக்கும்போது எல்லாரும் தன்னைப் பார்க்கும்வரை காத்திருப்பான்.

பியரைச் செய்தது அவன் மனைவி மார்செல்லா.

இதை யாரும் மறைக்கவில்லை. ஊருக்கே தெரியும். தெரிந்தும் "நார்பர்ட்டோட பியர்" என்றுதான் சொன்னார்கள். மாடுகளைப் பெண்டாட்டி கறந்தாலும் "எல்ராயோட பண்ணை" என்று சொல்வதில்லையா, அப்படி. முளைகட்டிய தானியமான மால்ட் கொதிக்கும் கனத்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி நிலவறைக்குத் தூக்கிக்கொண்டு போவது நார்பர்ட்டின் வேலை. மீதி எல்லாம் அவள். பல வருஷம் அவளுக்கு அது உறுத்தவும் இல்லை. சனிக்கிழமை காலையில் ஹாப்ஸ் பூக்கள் கொதிக்கும் கசந்த வாசனை வீடு முழுக்கப் பரவும்போது அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சீஸ் ஆலையில் குழாய்களும் தொட்டிகளும் கழுவுகிற வேலை அவளுக்கு. மூலையில் ஒரு சொட்டுப் பால் தங்கிவிட்டால் மறுநாள் சீஸ் மொத்தமும் கெட்டுப்போகும். அந்தப் பயம் கையில் ஊறியிருந்ததால் பியரிலும் அவசரம் காட்டமாட்டாள். மதுக்கடைகள் திரும்ப வாங்கிக் கழுவுகிற கெட்டியான பழுப்பு பாட்டில்களைத்தான் எடுப்பாள். ஒவ்வொன்றின் வாயையும் விரல் நுனியால் சுற்றிப் பார்ப்பாள். துளி சில்லு பெயர்ந்திருந்தாலும் குப்பைக்குத்தான். குடித்துவிட்டு எறிகிற மெல்லிய பாட்டிலை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்.

"குமிழி நின்னு நாலு நாளாச்சு. இன்னும் எதுக்கு அடைகாக்குற? பாட்டில்ல ஊத்தேன்" என்று நார்பர்ட் ஒவ்வொரு முறையும் நச்சரிப்பான்.

"குமிழி நின்னா ஈஸ்ட் செத்துப்போச்சுன்னா அர்த்தம்? உள்ள இனிப்பு மிச்சம் இருந்துச்சுன்னா பாட்டிலுக்குள்ள போய் மறுபடி ஆரம்பிக்கும். அப்புறம் அது பியர் இல்ல, வெடிகுண்டு."

மிச்சமிருக்கும் இனிப்பைக் காட்டுகிற கண்ணாடி மிதவையைப் போட்டு எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்ப்பாள். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி போடுவாள். அதே கோட்டில் நின்றால்தான் பாட்டிலுக்குப் போகும். பாட்டிலுக்குள் நுரை பிடிப்பதற்காகச் சேர்க்கிற சர்க்கரையைத் தராசில் நிறுத்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு பியரோடு சேர்த்து அலுங்காமல் கலப்பாள். அதற்கு மேல் ஒரு கரண்டிகூடக் கிடையாது. மூடி அழுத்திய பாட்டில்களைப் பெட்டியில் நிற்கவைத்து, மேலே பழைய போர்வை போட்டு, நிலவறையின் குளிர்ந்த மூலையில் வைத்துவிடுவாள்.

ஒரு வருஷம் கெர்மிஸில் எவனோ ஒருவன், "பியர் பிரமாதம் நார்பர்ட். நுரைதான் கொஞ்சம் சோம்பேறி, உன்னை மாதிரி" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நார்பர்ட்டும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் அவனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

"இந்தத் தடவ சக்கரையைக் கொஞ்சம் கூட்டு மார்சி" என்றான் அடுத்த ஆகஸ்டில்.

"முடியாது."

"ஒரு அரை கப்பு. யாருக்குத் தெரியப்போகுது?"

"பாட்டிலுக்குத் தெரியும். நுரை வேணும்னா உயரத்திலேருந்து ஊத்து."

பாட்டிலில் அடைத்த அன்று ஒரு பெட்டி நிரம்பி, இரண்டாவதைத் தொடங்கும் நேரத்தில் ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது. பம்பு உடைந்துவிட்டதாம், தொட்டியைக் கழுவ ஆள் வேண்டுமாம். மார்செல்லா பியர் இருந்த வாளியை மூடி, மேலே துணி போட்டுவிட்டு, "இதைத் தொடாத" என்றாள்.

"நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்றான் நார்பர்ட், பேஸ்பால் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தபோது பியரின் மேல் சோப்புத் தண்ணீர்போல நுரை படர்ந்திருந்தது. அடங்கிக் கிடக்கவேண்டிய பியர்.

"இதை யாராச்சும் கிளறினீங்களா?"

"இந்த வீட்டில என்ன பட்டாளமா இருக்கு? லாரி ஏதாச்சும் போயிருக்கும், அதிர்ந்திருக்கும்."

அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மேற்கொண்டு கேட்காமல் இரண்டாவது பெட்டியையும் அடைத்து முடித்தாள். பிற்பாடு அவள் தன்னைத் திட்டிக்கொண்டதெல்லாம் இந்த ஓர் இடத்துக்காகத்தான்.

கெர்மிஸ் அன்று நார்பர்ட் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அது இரண்டாவது பெட்டி. மார்செல்லா பூயா அண்டாவில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பண்ணை எல்ராய் டெல்விஷ், நார்பர்ட்டோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், "எனக்குத்தான் முதல் பாட்டில்" என்று சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டான். பாட்டில் பாதி மேலே வந்திருக்கும். துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம். எல்ராய் தன் கையையே புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பியரும் ரத்தமும் முழங்கைவரை ஒழுகின. அவன் மனைவி வயலட் போட்ட அலறலில் வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நார்பர்ட் சட்டையைக் கழற்றி நண்பனின் கையைச் சுற்றிக் கட்டினான். கட்டிக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "எத்தனை தடவ சொன்னேன் அவகிட்ட, பாத்து அடைன்னு!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மார்செல்லா துடுப்பும் கையுமாக நின்றாள். அத்தனை வருஷம் நார்பர்ட்டுடையதாக இருந்த பியர் அந்த ஒரு நிமிஷத்தில் அவளுடையதாகிவிட்டது.

எல்ராயின் உள்ளங்கையில் தசைநார்கள் அறுந்திருந்தன. கிரீன் பே ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். கடைசி இரண்டு விரல்களும் அதற்கப்புறம் மடங்கவே இல்லை.

மிச்சமிருந்த பாட்டில்களைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. மார்செல்லாதான் பெட்டியைக் கனத்த போர்வையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறையும் என்று அவளுக்குத் தெரியும். நல்ல உறைபனி விழும்வரை பொறுத்திருந்து, நிலவறையின் வெளிக்கதவைத் திறந்துபோட்டாள். பாட்டில்கள் சில்லிட்டுப்போன ஒரு காலையில், பனிக்கால மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, நார்பர்ட்டின் வெல்டிங் முகமூடியை மாட்டி, கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அடியிலிருந்த வெள்ளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, அவனுடைய தோல் கையுறைகளோடு கீழே இறங்கினாள். ஒவ்வொரு பாட்டிலின் மேலும் தடித்த ஈரத்துண்டைப் போட்டு, மூடியை இம்மி இம்மியாக நெம்பினாள்.

வீட்டிலேயே கிடந்த முதல் பெட்டி பாட்டில்கள் மெல்லப் பெருமூச்சு விட்டுத் திறந்தன. எப்போதும்போல நல்ல பியர். இரண்டாவது பெட்டியில் ஒவ்வொன்றும் சீறியது. அந்தக் குளிரிலும் பொங்கிப் பொங்கி, பாட்டில் காலியாகும்வரை நிற்கவில்லை. ஒரே வாளி, ஒரே நாள். நடுவில் அவள் ஆலைக்குப் போன அந்த நேரம் மட்டும்தான் வித்தியாசம்.

முகமூடியைக்கூடக் கழற்றாமல் மேலே வந்து நின்றாள். நார்பர்ட் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு போட்ட?"

அவன் நடிக்கப் பார்த்தான். அந்த முகமூடிக்கு முன்னால் நடிப்பு வரவில்லை.

"ஒரு கை சக்கரை. ஒரே ஒரு கைதான் மார்சி. ரெண்டா இருந்தாலும் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"நான் திரும்பி வந்து கேட்டேனே, அப்ப ஏன் சொல்லல?"

அவன் தட்டிலிருந்த முட்டையைக் கிளறினான்.

"எல்ராய்கிட்டப் போய்ச் சொல்லு" என்றாள். "வயலட்கிட்டயும் சொல்லு. இன்னிக்கே."

"சொல்றேன். அவன் கட்டுப் பிரிக்கட்டும். இப்பப் போய்ச் சொன்னா அவனுக்கும் மனசு கஷ்டம்."

கட்டுப் பிரித்தார்கள். நார்பர்ட் சொல்லவில்லை. வளைகுடா உறைந்ததும் இரண்டு பேரும் வழக்கம்போலப் பனியில் துளை போட்டு மீன்பிடிக்கப் போனார்கள். மதுக்கடையில் உட்கார்ந்து ஷீப்ஸ்ஹெட் சீட்டு ஆடினார்கள். சீட்டை எல்ராயால் விசிறிபோல விரித்துப் பிடிக்க முடியாமல் நார்பர்ட் அவனுக்காக ஒரு மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டிக் கொடுத்தான். ஊரே மெச்சியது. "கூட்டாளின்னா நார்பர்ட் மாதிரி இருக்கணும்" என்றார்கள். வயலட்டோ மார்செல்லா வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆலையில்கூட, "மார்செல்லா, தொட்டியைக் கழுவினியா, இல்ல அதுவும் வெடிக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கோயில் கூடத்தில் மீன் விருந்து. மார்செல்லா அரிசிப் பாயசம் பரப்பிச் சுட்ட இனிப்பு ரொட்டி ஒன்றைச் செய்து கொண்டுபோய் வயலட்டின் கையில் நீட்டினாள். வயலட் வாங்கவில்லை.

"அங்க மேசைல வை. வேணுங்கிறவங்க எடுத்துப்பாங்க."

மார்செல்லாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அந்த இடத்திலேயே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சர்க்கரை, நுரை, இரண்டு பெட்டிகள், நார்பர்ட் ஒப்புக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். வயலட் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் மெல்லத் தலையை ஆட்டினாள்.

"நீ இப்படி வந்து சொல்லுவேன்னு நார்பர்ட் அப்பவே சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"'அவளால தாங்க முடியல, பாவம். யார் தலைலயாவது கட்டணும்னு பாக்குறா. நாளைக்கு என் தலைல கட்டினாலும் கட்டுவா. மனசுல வச்சுக்காத'ன்னான். உன்னைப் பாத்துக்கச் சொல்லி என்கிட்ட அழுதான் மார்செல்லா. அப்படிப்பட்ட மனுசனைப் போய்..."

மார்செல்லா இனிப்பு ரொட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். நார்பர்ட்டின் பக்கத்தில்தான் காரில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. போகும் வழியில் அவன் மீன் ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவள் பியர் காய்ச்சவில்லை. கெர்மிஸுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று நார்பர்ட் ஒரு முறை தானே முயன்று பார்த்தான். அது காடியாகப் புளித்து, சாக்கடைக்குப் போனது. அதன்பின் கடையில் வாங்கிக்கொண்டு போனான். "அந்தக் காலத்துல என் பியர்..." என்று பேச மட்டும் அவன் நிறுத்தவில்லை. அந்தக் கதையில் கடைசியில் எப்போதும் அதைக் கெடுத்த ஒரு மனைவி வருவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

வருஷங்கள் போயின. நார்பர்ட்டுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. அவனைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் மார்செல்லாதான். எல்ராய் வாராவாரம் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவான். ஒருநாள் நார்பர்ட் தூங்கிவிட்டான். எல்ராய் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான். அவள் காப்பி ஊற்றி வைத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா" என்றான் அவன், மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டே. "நான் உன்மேல கோவப்பட்டதே இல்ல மார்செல்லா. ஒருநாளும் இல்ல."

"நல்ல மனசு உனக்கு."

"மனசெல்லாம் இல்ல. எனக்குத் தெரியும். அந்த முதல் குளிர்காலமே பனியில உக்காந்திருக்கும்போது நார்பர்ட் சொல்லிட்டான். குழந்தை மாதிரி அழுதான். சக்கரையை அவன்தான் போட்டானாமே."

மார்செல்லா காப்பிக் கெட்டிலை அடுப்பின் மேல் வைத்தாள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும். வயலட்டுக்குத் தெரிய வேணாம்னு கெஞ்சினான். அவளைத்தான் தெரியுமே உனக்கு, அவனை உயிரோட விட்டிருக்கமாட்டா. நாங்க மீன்பிடிக்கப் போறது, சீட்டாடுறது, எல்லாம் போயிருக்கும். சரி விடுடான்னு விட்டுட்டேன்."

"அவன்மேல கோவம் வரலியா?"

"நார்பர்ட் மேலயா? அவனை எனக்கு ஆறு வயசிலேருந்து தெரியும்."

"இப்பப் போய் வயலட்கிட்டச் சொல்லு."

எல்ராய் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. "இப்பவா? அவன் இந்த நிலைமைல கிடக்குறப்பவா? எதுக்கு மார்செல்லா, எல்லாம் ஆறிப்போன விஷயம். உனக்கு நிம்மதியா இருக்கட்டும்னுதான் சொன்னேன்."

அவள் அவன் முன்னாலிருந்த கோப்பையை எடுத்து, காப்பியைத் தொட்டியில் கொட்டினாள். அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிறகு தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளேயிருந்து குழறலாகக் குரல் வந்தது. "யாரு... யாரு வந்தது?"

"எல்ராய்."

"என்ன... சொன்னான்?"

மார்செல்லா அறைக்குப் போனாள். அவன் வாயோரம் வழிந்திருந்ததைத் துடைத்தாள். தலையணையைத் தூக்கி வைத்தாள். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "எல்லாத்தையும் சொன்னான்" என்றாள்.

நார்பர்ட்டின் நல்ல கை போர்வை மேல் அசைந்து அவள் கையைத் தேடியது. அவள் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அவனுக்குச் சூப் சுடவைக்கப் போனாள்.