அக்கா ஆன்லைனில் இருக்கிறார்

அழுக்குத் துணியில் வலது கட்டைவிரலை மட்டும் துடைத்துக்கொள்கிறார் அப்பா. மற்ற விரல்களில் கிரீஸ் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கைபேசியைத் திறக்கிறார். திரையில் குறி சொல்லும் டாரட் சீட்டுகள் விசிறிபோல் விரிகின்றன. ஒன்றைத் தொடுகிறார். தலைகீழாகத் தொங்கும் ஒரு மனிதன் வருகிறான்.

“இவன் எதுக்கு இப்ப வந்து தொங்கறான்?” என்று முணுமுணுத்துவிட்டு, அந்த ஒற்றை விரலால் எழுதுகிறார்: ‘கொஞ்சம் பொறுங்க தங்கம். அவசரப்படாதீங்க.’

அப்பா பேருந்துப் பணிமனையில் பிரேக் மெக்கானிக். ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கோளாறைக் கேட்பவர். “சின்னச் சத்தம்தாண்ணே” என்று எந்த ஓட்டுநராவது சொன்னால், “சத்தம் சின்னதுதான். பள்ளம் பெருசு” என்பார். திறந்து பார்க்காமல் வண்டியை விடமாட்டார்.

இந்தச் செயலியில் ‘அக்கா’ என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்குச் சீட்டு பார்த்துச் சொன்னவள் அம்மா. “சீட்டக் கலைக்கறது கம்ப்யூட்டரு, கதை விடறது நீயா?” என்று அப்பா சீண்டுவார். “நீங்க பிரேக்கப் பாருங்க, நான் மனுஷங்களப் பாத்துக்கறேன்” என்பாள் அவள்.

அம்மா இறந்துவிட்டாள். காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அப்படியே சரிந்தாள். அடக்கம் முடிந்து, வேலை செய்யும் ஊருக்குத் திரும்பிய பிறகு, அவள் கணக்கை மூடுவதற்காகச் செயலியைத் திறந்தேன். அவள் படத்தின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ‘அக்கா ஆன்லைனில் இருக்கிறார்.’

கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். எந்தப் புள்ளிக்கும் காரணம் உண்டு என்று தெரிந்தவள், அன்று ஒரு நொடி எதுவும் தெரியாதவளானேன். பிறகு, யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்து, எங்கிருந்து நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து.

விடுப்பு எடுத்து வந்தேன். அப்பா மறைக்கவில்லை.

“‘அக்கா எங்க போனீங்க, எங்க போனீங்க’ன்னு கேட்டுட்டே இருந்தாங்கம்மா. என்னன்னு சொல்றது?”

“செத்துட்டாங்கன்னு சொல்லணும்ப்பா.”

அவர் எழுந்து போய்விட்டார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ‘அவ இல்லாதப்ப’ என்றுதான் சொல்கிறார், கடைக்குப் போனவளைப் பற்றிப் பேசுவதுபோல.

சீட்டுகளின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. கோபுரம் ‘இடிஞ்ச பில்டிங்’. கிரீடம் வைத்த அரசி ‘பெரியம்மா’. குதிரைமேல் எலும்புக்கூடு வந்தால் மட்டும் பெயர் வைப்பதில்லை. சத்தமில்லாமல் மறுபடி கலைக்கிறார். எந்தச் சீட்டு வந்தாலும் கேள்விதான் கேட்கிறார்: ‘உங்க வீட்டுக்காரர் குடிப்பாரா? வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு?’ ‘அக்கா இப்பல்லாம் ரொம்பக் கறாரு’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள், ஐந்து நட்சத்திரங்களோடு.

இந்த ஞாயிற்றுக்கிழமை, தையல்கடையில் வேலை செய்யும் பெண்ணொருத்தி எழுதினாள். கர்ப்பப்பையில் கட்டி. உடனே ஆபரேஷன் செய்து எடுக்கவேண்டும் என்கிறார் டாக்டர். ‘நீங்க சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன் அக்கா. கார்டு நல்லா வரலன்னா வேணாம்னு வந்துடுவேன்.’

அப்பாவின் விரல் விரிந்த சீட்டுகளுக்கு மேலே நின்றது.

“சீட்டு எடுக்காதீங்கப்பா,” என்றேன்.

“இது பிரேக்கு விஷயம்மா,” என்றார். சீட்டுகளை மூடிவிட்டு, அழைப்புக் குறியை அழுத்தினார். எழுத்தை விட்டுக் குரலில் பேசப்போவது இதுதான் முதல் தடவை.

“அக்கா!” என்று ஒலிபெருக்கியில் ஒரு சின்னக் குரல் துள்ளியது.

அப்பா கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அக்கா, பேசுங்கக்கா…”

“நான் அவங்க வீட்டுக்காரரும்மா. கார்டெல்லாம் கேக்காத. டாக்டர் சொன்னதச் செய். அக்கா… செத்துப்போயிட்டாம்மா. போன மாசமே.”

“அப்ப இத்தனை நாளா என்கூட…” என்று தொடங்கிய குரல் உடைந்து அழுகையாயிற்று.

“கையெழுத்துப் போடறியாம்மா?”

அழுகைக்கு நடுவே ஒரு “ம்” வந்தது.

அப்பா கைபேசியை மேசையில் படுக்கவைத்தார். அந்தப் பெண்ணின் அழுகை அடங்கும்வரை, உள்ளங்கையால் அதை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.