தீர்த்தம் குடித்த வேன்

ஸ்தனிஸ்லாஸ் அங்கிளை வேனை விற்கச் சம்மதிக்க வைக்கும் வேலையை ஆஸ்டின் என் தலையில் கட்டினான். ஆஸ்டின் அவருடைய ஒரே மகன், என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், இப்போது பெங்களூரில் வேலை. போனில் பதமாகத்தான் பேசினான். வண்டி சூடானால் நின்றுவிடுகிறது, அப்பாவுக்கும் வயதாகிறது, பழைய இரும்புக்காரரிடம் பேசிவிட்டேன், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார், நீ சொன்னால் அப்பா கேட்பார் என்றான். எனக்குச் சுருக்கென்றது. அந்த வேனில்தான் இவனும் பள்ளிக்கூடம் போனான். இப்போது அது பழைய இரும்பாம்.

அங்கிள் அந்த வேனை வாங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. கே.கே. நகரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் வேன் அங்கிள். எந்தப் பிள்ளையையும் வா போ என்று கூப்பிட்டதில்லை. எல்கேஜி வாண்டு மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நின்றால்கூட "ஏறுங்க தம்பி" என்பார். எங்கள் வாத்தியார்கள் கொடுக்காத மரியாதையை அவர் கொடுத்தார். சாயங்காலம் ஏதாவது வீடு பூட்டியிருந்தால் அந்தப் பிள்ளையை வாசலில் இறக்கிவிட மாட்டார். தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விடுவார். அவர் மனைவி வியாகுலம்மாள் ஆன்ட்டி கோதுமை தோசை ஊற்றிக் கொடுத்து, அம்மா வரும்வரை உட்கார வைத்திருப்பார். என் அம்மா அடிக்கடி தாமதமாக வருவார். நான் அதற்காகவே வேண்டிக்கொண்டதுண்டு.

வேனுக்குள் ஒரு சட்டம் இருந்தது. வண்டி ஓடும்போது டிபன் டப்பாவைத் திறக்கக் கூடாது, மன்னார்புரம் சிக்னலில் நிற்கும்போது திறக்கலாம். அதனால் ஊரெல்லாம் சிக்னலைத் திட்டிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் சிவப்பு விழ வேண்டும் என்று ஏங்குவோம். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பாதி இட்லி காலியாகியிருக்கும். இன்றைக்கும் மன்னார்புரத்தில் வண்டி நின்றால் எனக்குப் பசிக்கிறது. சிரிக்காதீர்கள், உண்மைதான்.

வேனுக்கு வயதானதும் பள்ளிக்கூட சவாரி நின்றது. அங்கிள் வீட்டில் உட்காரவில்லை. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, வாரா வாரம் பச்சைமலைக்குப் போய் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்தார். பஸ் கிடைக்காதவர்களையும் முன்னால் உட்கார வைத்துக் கூட்டி வருவார். போன மழைக்காலத்திலிருந்துதான் வண்டி மலை ஏறும்போது நடு வளைவில் நிற்க ஆரம்பித்தது. கிழங்குக்காரர் மருதை குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பாராம். கொஞ்ச நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஆஸ்டின் பயந்ததில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஒரு நாள் மருதை கல் வைக்கப் பிந்தினால் என்ன ஆகும்?

பேட்டரி மாற்றினார்கள், டீசல் பம்பைக் கழற்றி மாட்டினார்கள், யார் யாரோ எதை எதையோ மாற்றினார்கள். கடைசியில் மன்னார்புரத்தில் பட்டறை வைத்திருக்கும் நவ்ஷாத் பாய்தான் கோளாறு எஞ்சினில் இல்லை என்றார். எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று சொல்கிற கம்ப்யூட்டர் பெட்டி சாகக் கிடக்கிறது, அது சூடானால் மயங்கிவிடுகிறது என்றார். அதே மாதிரி பழைய பெட்டி ஒன்றைச் சேலத்திலிருந்து தேடி வாங்கியும் வைத்திருந்தார். ஆனால் அதை எடுத்து மாட்டினால் மட்டும் போதாது. அங்கிளின் சாவியை இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். இதற்குள் இருப்பதை அப்படியே மற்றதற்குப் படியெடுக்க வேண்டும். அதற்குள் இது ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டால், வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் வரவேண்டியதுதான்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் பட்டறைக்குப் போனேன். விற்கச் சொல்லத்தான் போனேன். அங்கிள் ஒரு ஸ்டூலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மா, ஆஸ்டின் அனுப்பிச்சானா?" என்று கேட்டார். விற்கச் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

பாய் முன் கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தார். ஒரு மூலை முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. அதன்மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பாய் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "உப்பு மாதிரி இருக்கே. கடலோரம் ஓடுன வண்டியாண்ணே?" என்றார். அங்கிள் இல்லை என்று தலையாட்டினார். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தார். டாஷ்போர்டின்மேல், பெட்டி இருந்த இடத்துக்கு நேர் மேலே, மாதா சுரூபம் ஒட்டியிருந்தது. அங்கிள் என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

ஒவ்வொரு ஜூனிலும் அந்தோணியார் திருநாளுக்குப் போய், அங்கே காணிக்கை வைத்து மந்திரித்த உப்பில் ஒரு கைப்பிடி வாங்கி வருவார் ஆன்ட்டி. ஈஸ்டருக்கு மந்திரித்த தீர்த்தம் வீட்டில் பாட்டிலில் இருக்கும். அந்த உப்பை இந்தத் தீர்த்தத்தில் கரைத்து, வேனில் ஏறி, மாதாவின் காலடியில் ஊற்றுவார். தெளிப்பதெல்லாம் கிடையாது, ஊற்றுவார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மிச்சத்தை எங்கள் தலையில் தடவுவார். அந்தத் தண்ணீர் டாஷ்போர்டின் இடுக்கு வழியாக இறங்கி இறங்கி, இத்தனை வருஷமாக அந்தப் பெட்டியில் சொட்டியிருக்கிறது. வண்டி நிற்க ஆரம்பித்த பிறகு நிலைமை இன்னும் மோசம். மருதை கல் வைத்த கதையைக் கேட்ட நாளிலிருந்து ஆன்ட்டி வாரா வாரம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் அது அழுகையாகிவிட்டது. யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக அத்தனை தண்ணீர்.

பாய் பச்சையைத் துடைத்துவிட்டுப் பெட்டியை லேப்டாப்போடு இணைத்தார். பாதி படியெடுத்ததும் பெட்டி மயங்கியது. மறுபடி முயன்றார், மறுபடி மயங்கியது. பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு தரம் பார்ப்போம், இதற்கு மேல் தாங்காது என்றார். பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பாலிதீன் பையில் கட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அங்கிள் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நெற்றியில் துணி போடுகிற பதற்றம் அவர் முகத்தில் இருந்தது. லேப்டாப்பில் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. கோடு கடைசிவரை போய் நின்றதும் பாய், "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

சேலத்துப் பெட்டியை மாட்டினார்கள். அங்கிள் சாவியைத் திருப்பினார், வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. வெகுநேரம் ஓடவிட்டும் நிற்கவில்லை. நான் வெளியே போய் ஆஸ்டினுக்குப் போன் செய்து, இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல் என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். பேசாமல் இரு என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது உள்ளே ஒரு வாக்குவாதம். ஆன்ட்டியிடம் இனிமேல் ஊற்ற வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வேலை முடிந்தது என்று பாய் சொல்லியிருக்கிறார். அங்கிள் மாட்டேன் என்கிறார். தண்ணீர் படாதபடி பெட்டிக்கு உறை போடலாம் என்றால் சூடு தங்கி அதுவே பெட்டியைக் கொன்றுவிடுமாம்.

"சொன்னா, வண்டி நின்ன ஒவ்வொரு தடவையும் நம்மாலதானேன்னு நெனச்சுக்கிட்டே கெடப்பா பாய். அவளால தாங்க முடியாது. பெட்டிய என் சீட்டுக்கு அடியில மாத்திடுங்க."

"அண்ணே, ஒயரு எட்டாது. ஒவ்வொண்ணா வெட்டி நீட்டி ஒட்டணும். எத்தன ஒயரு தெரியுமா?"

"ஒட்டுங்க. நான் கூட இருந்து பிடிச்சுக்கிறேன்."

பாய் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் கத்தரியை எடுத்தார். அன்று முழுக்கவும் மறுநாள் மத்தியானம் வரையும் ஈயம் உருக்கி ஒட்டும் அந்த வேலை நடந்தது. அங்கிளின் விரல் நுனியெல்லாம் சூடு பட்டுச் சிவந்திருந்தது. முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய யாரையும் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன் எங்கள் தெருவுக்குத் திரும்பியது. ஆன்ட்டி சத்தம் கேட்டே வாசலுக்கு வந்துவிட்டார், கையில் பாட்டிலோடு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஏறினார், முணுமுணுத்தார், மாதாவின் காலடியில் ஊற்றினார். தண்ணீர் டாஷ்போர்டின் இடுக்கில் இறங்குவதை நானும் பார்த்தேன், அங்கிளும் பார்த்தார். எஞ்சின் சத்தம் மாறவில்லை.

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா யாழினி, எத்தன மெக்கானிக் வந்தாங்க. கடைசில இந்தத் தீர்த்தந்தான் வண்டியக் காப்பாத்துச்சு."

அங்கிள் சிவந்த விரல்களை ஸ்டீரிங்குக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ஆமா வியாகுலம்," என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."