மேனகாவின் பதினோரு கிலோமீட்டர்

நான் எழுதிய பயணங்களிலேயே இதுதான் மிகச் சிறியது. தியாகராய நகரிலிருந்து திருவான்மியூர், பதினோரு கிலோமீட்டர். பேருந்தில் ஏறினால் ஒரு குட்டித் தூக்கத்துக்குக்கூடக் காணாது. ஒரு குதிரையோடு நடந்ததால் எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது.

காலை 5.30, தியாகராய நகர். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் சேகரின் கொட்டகையிலிருந்து மேனகா வெளியே வந்தாள். வெள்ளை மார்வாரிக் குதிரை, அசல் ஜாதி. இந்த ஜாதிக்குக் காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட வேண்டும். தொட்டால்தான் மவுசு. அதற்காக அண்ணனோடு தங்கையைச் சேர்ப்பவர்கள் உண்டு. மேனகா ஒன்பது வயதுக்குள் நான்கு குட்டி போட்டுவிட்டாள். காதைக் கவனித்தவர்கள் காலை மறந்துபோனார்கள். குளம்பைச் சீவாமல் விட்டதில் வலது பின்னங்கால் இன்னும் இழுக்கிறது. கொட்டகையில் அவள் படுக்கக்கூட இடமில்லை.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். மேளம் கேட்டால் கடிவாளத்தைச் சுண்டி இழுத்து முன்னங்கால்களைத் தூக்க வைப்பார்கள். அதற்கு டான்ஸ் என்று பெயர். போன தை மாதம் அசோக் நகரில் அந்த டான்ஸின் நடுவே மாப்பிள்ளை கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஊர்வலத்தில் நானும் இருந்தேன். எல்லாரும் மாப்பிள்ளையைத் தூக்க ஓடினார்கள். சேகரின் குதிரைக்காரர் கவுஸ் பாய் மட்டும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அதை மறக்க முடியவில்லை.

சேகர் அவளை மறுபடி குட்டி போட அனுப்ப இருந்தார். பாய் கெஞ்சினார். திருவான்மியூரில் என் அக்கா வீட்டை ஒட்டி மணல் மனை ஒன்று இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்கிறோம் என்று நானும் சொன்னேன். சேகர் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். லாரியில் ஏற அவளை யாரும் பழக்கவில்லை. நடத்தித்தான் கொண்டுபோக வேண்டும்.

"ரோட்ல எவனையாவது மெதிச்சா கேஸு என் தலைல வுழும் சார். ஒரே ஒரு தபா முன்னங்கால் தூக்குனாலும் கயிறு கட்டி லாரில ஏத்தி குட்டி போட அனுப்பிருவேன்," என்றார் சேகர். சொன்னதோடு விடாமல் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

6.20, தேனாம்பேட்டை. அண்ணா சாலையைக் கடக்கும்போது பேருந்து ஒன்று காதருகே ஹாரன் அடித்தது. மேனகாவின் தோல் நடுங்கியது, கால் தரையை விட்டு எழவில்லை. எனக்குத்தான் உயிர் போய் வந்தது. பதினைந்து ரூபாய் டீயில் பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

"பயப்படாத சார். ஆறு வாரமா பிளாஸ்டிக் பக்கெட்ட டம்மு டம்முன்னு தட்டிட்டுதான் தரைல கொள்ளு வெச்சிக்கினு கீறேன். மேளம்னா சோறுன்னு அவளுக்குத் தெரியும்," என்றார் பாய்.

பக்கெட் வேறு, நிஜ மேளம் வேறு. எனக்கு அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

8.00, மயிலாப்பூர். கோட்டூர்புரம் வழி கிட்டம்தான், ஆனால் அங்கே வண்டிகள் பறக்கும். மேனகாவுக்கு வாங்கிய கேரட் கிலோ அறுபது ரூபாய். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து, "யாராத்துல கல்யாணம்?" என்றார்.

"கல்யாணம் இல்ல மாமி, வூடு மாத்துறோம்," என்றார் பாய்.

9.10, மந்தைவெளி. நான் பயந்தது இங்கே வந்தது. தெருமுனை திரும்பியதும் எதிரே ஒரு சவ ஊர்வலம். ஆறு பேர் மேளத்தைப் பிளந்துகொண்டிருந்தார்கள். மேனகாவின் கழுத்து விறைத்தது. காது நுனிகள் ஒட்டிக்கொண்டன. பின்னால் ஸ்கூட்டர் நின்றது. குதிரையைப் பார்த்ததும் முன்னால் வந்த மேளக்காரர் குச்சியை இறக்கினார்.

"இன்னா நைனா, மிரளுதா? நிறுத்தட்டா?"

"நிறுத்தாத நைனா. அடி!" என்று கத்தினார் பாய்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேளம் மறுபடி அதிர்ந்தது. பாய் கயிற்றை இறுக்கவில்லை, தளர்த்தினார். மேனகா ஒரு பெருமூச்சு விட்டாள். தலையைத் தாழ்த்தினாள். தரையில் கொள்ளுத் தேடினாள் போலும். கிடைத்தது தெருவில் இறைந்த சாமந்தி. ஊர்வலம் முழுக்கக் கடந்து போகும் வரை நான்கு காலையும் ஊன்றி நின்று பூவைத் தின்றாள். நான் நடுத்தெருவில் கைதட்டப் போய், சாவு வீட்டுக்காரர்களைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டேன்.

9.50, அடையாறு பாலம். சேகர் ஸ்கூட்டரைப் பக்கத்தில் உருட்டினார். குரலில் தேன் வடிந்தது.

"பாய், இவ்ளோ அடக்கமா ஆயிட்டாளே. வர்ற முகூர்த்தத்துக்கு நம்மகிட்டயே வெச்சிக்கலாம் போலக் கீதே."

பாய் நடையை நிறுத்தவில்லை. "கால் தூக்குனா உனுக்குன்னு சொன்ன முதலாளி. தூக்கல. என் வேல போனாலும் போவட்டும், பொண்ணு திரும்ப வராது."

பதினைந்து வருடமாக அவரிடம் வேலை பார்ப்பவர் சொன்னது இது. சேகர் ஸ்கூட்டரை மெதுவாக்கிப் பின்தங்கினார். ஆனாலும் பின்னாலேயே வந்தார்.

11.00, திருவான்மியூர். மனை வாசலில் பாய் ஜிகினா வைத்த கடிவாளத்தைக் கழற்றி ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டினார். மேனகா உள்ளே போய் மணலை முகர்ந்தாள், ஒரு வட்டம் சுற்றினாள், முழங்கால் மடித்துப் படுத்தாள். பிறகு சட்டென்று மல்லாந்து, முதுகைத் தேய்த்துப் புரண்டாள். கால்கள் வெயிலில் உதைத்தன.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமான வந்துசேர்தலைப் பார்த்ததில்லை.

பாய் வாசல் பக்கம் திரும்பி, தெருவே கேட்கும்படி கூவினார்:

"முதலாளி! பாத்துக்கினியா? இப்போ தூக்கிட்டா. நாலையும் தூக்கிட்டா!"