அதிபர் எடுத்த ஆலையும் ஜூன் ஏழாம் தேதிக் கல்யாணமும்

1952 ஏப்ரல் 9. யங்ஸ்டவுன் எஃகு ஆலைக்கு ஒந்த்ரே மத்துஷ்கா வேலைக்கு வந்தபோது வாசலில் அமெரிக்கக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. நாட்டின் எஃகு ஆலைகளை அரசு எடுத்துக்கொள்வதாக முந்தைய இரவு அதிபர் அறிவித்திருந்தார். கொரியாவில் போர் நடக்கிறது, வேலைநிறுத்தம் வந்தால் எஃகு நின்றுவிடும் என்றார். நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் எதுவும் போடவில்லை. அவருடைய கையெழுத்து மட்டும்தான்.

“டேய் மாப்பிள்ளை, இனி நீ கவர்மென்ட் ஆளு. உலைக்கு முன்னாடி டை கட்டிட்டுத்தான் நிக்கணும்” என்றான் உடன் வேலை செய்த பாவோல்.

ஒந்த்ரேக்கு இருபத்தொன்பது வயது. இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவன். ஆனால் வெரோனிகாவுடன் அவன் கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. 1949இல் வேலைநிறுத்தம், இந்த ஜனவரியில் அது வரப்போகிறது என்ற பயம். வேலை நிற்கும் நேரத்தில் பெண் தருவதில்லை என்பதில் அவள் அப்பா யூராய் கறார்.

அன்று மாலையே அவரைப் போய்ப் பார்த்தான். “மாமா, அதிபரே எடுத்துட்டாரு. இனி யாரு மூடுவா? ஜூன் ஏழு வச்சிடலாம்.”

“அவருக்கு மேல ஆள் இல்லையே?”

“யாரு இருக்கா!”

இருந்தார்கள். ஜூன் 2, திங்கட்கிழமை, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் அந்த அதிகாரம் அதிபருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். ஆலைகள் முதலாளிகளிடம் திரும்பின. அன்றே வேலைநிறுத்தம் தொடங்கியது.

யூராய் வானொலியை அணைத்தார். “ஃபாதர்கிட்ட தேதி மாறுதுன்னு சொல்லிடுறேன்.”

“ஃபாதர்கிட்ட சொல்லுவீங்க. அத்தைங்ககிட்ட யாரு சொல்லுவா?” என்றாள் வெரோனிகா.

கல்யாண விருந்து மேசைக்கான பிஸ்கட்டுகளை அவள் அத்தைமார் ஒரு வாரமாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு வீடுகளில் வால்நட் வைத்த கொலாச்கி பிஸ்கட் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது.

“பெரியத்தை கட்டில் பூரா பிஸ்கட். மூணு நாளா தரையில படுக்கறாங்க. அடுத்த தேதிவரைக்கும் அங்கேயே படுங்கன்னு நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா.”

பெரியத்தை யூராயை வளர்த்த அக்கா.

“அந்த அதிகாரம் எனக்கில்லடி” என்றார் யூராய்.

சனிக்கிழமை கல்யாணம் நடந்தது. திங்கட்கிழமை காலை ஒந்த்ரே ஆலை வாசலில் மறியலுக்கு நின்றான். வேலைநிறுத்தம் ஐம்பத்து மூன்று நாள் நீடித்தது.