நடுச்சுவர் மேல் தகரம்

திருக்கழுக்குன்றத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் ரேணுகா. மகளின் பிரசவத்துக்காகச் செங்கல்பட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோது, பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரின் மேல் நாலு இரும்புக் குழாய் நட்டிருந்தது. அதன் மேல் நீலத் தகரம். பக்கத்து வீட்டு தீனதயாளன் தன் வேனை நிறுத்தப் போட்ட ஷெட். சரிவு முழுக்க இவள் பக்கம்.

"இன்னா தீனா, ஒரு வார்த்தை கேக்கலியே?"

"நீ வூட்ல இல்லியேக்கா. ஆள் கெடச்சான், போட்டுட்டேன். தண்ணி வுழுந்தா சொல்லு, பைப்பு வச்சுடலாம்."

ஐப்பசி மழைக்குத் தண்ணீர் விழுந்தது. ஜன்னல் வழியாக அடித்த தண்ணீரில் தையல் மெஷினும், அதன்மேல் இருந்த கல்யாண ஜாக்கெட்டும் நனைந்து, சிவப்புச் சாயம் லைனிங்கில் இறங்கிவிட்டது. கல்யாண வீட்டாரிடம் பேச்சு வாங்கியதை நினைத்தால் ரேணுகாவுக்கு இப்போதும் ஆத்திரம் வரும்.

"நாளைக்கு வச்சுடறேன்க்கா" என்பதிலேயே கார்த்திகையும் போயிற்று. ஸ்டேஷனுக்குப் போனாள், இடத்தகராறு, நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். பேரூராட்சி ஆபீசில், முதலில் சர்வேயரை வைத்து இடத்தை அளந்துகொண்டு வரச் சொன்னார்கள். சர்வேயருக்காக இரண்டு நாள் மெஷினை மூடிவைத்துவிட்டு வாசலிலேயே காத்திருந்தாள். வரவில்லை.

மூன்றாவது முறை சொன்ன நாளில்தான் வந்தார் சர்வேயர் சுப்புராமன். டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, "தகரம் இந்தம்மா பக்கம் முக்கால் அடி வந்திருக்கு. வெட்டித்தான் ஆகணும்" என்றார். ரேணுகாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குள் அவர் பின்பக்கம் போய், "உங்க பாத்ரூம் அவர் இடத்துல அரை அடி இருக்கேம்மா" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு கட்னது சார். இருவது வருசமா கீது."

"அதுக்காக அளவு மாறுமா?"

தீனதயாளன் சட்டென்று பிடித்துக்கொண்டான். "நான் அதக் கேக்கல. நீ இதக் கேக்காத. அவ்ளோதான்."

"என் பாத்ரூம் சொவரு உன்ன இன்னா பண்ணுச்சு? உன் தண்ணி என் பொழப்புல வுழுது. ரெண்டும் ஒண்ணா?" ரேணுகாவின் குரல் தெருவரைக்கும் போயிற்று.

அவன் மனைவி சிநேகாதான் வெளியே வந்தாள். "அக்கா கேக்கறது நாயம். வெட்டிடு" என்றாள். சுப்புராமன் ஒரு தாளில் எழுதினார்: தகரத்தைச் சுவரோடு வெட்டிப் பைப் வைப்பது, பாத்ரூமைத் திரும்பக் கட்டும்வரை விட்டுவைப்பது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகரத்தை வெட்டிப் பைப் வைத்தான், தண்ணீர் நின்றது. ஆனால் தகரத்தைத் தாங்கும் இரும்புக் குழாய் நட்ட இடத்தில் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. காற்றடித்தால் தகரம் படபடவென்று அடித்து, தைக்கிற கை அதிர்கிறது. சுவரிலிருந்து அந்தக் குழாய்களை எடுக்கச் சொன்னாள்.

"பேப்பர்ல அது இல்லியேக்கா" என்றான் தீனதயாளன்.

தாளை எடுத்துப் பார்த்தாள். இல்லைதான். முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தன்மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம்.